வற்றிய போருக்கு (ஆழ்துளைக் கிணற்றுக்கு) அடுத்து என்ன? மதுரைப் பாறைக்கு ஏற்ற வழி எது என ஓர் ஒப்பீடு

வைகைக் கரையை ஒட்டிய மணல் படுகையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே மதுரை மாவட்டத்தில் காலுக்கு அடியில் கடினப் பாறைதான். மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி, பேரையூர் என எந்தத் திசையில் போனாலும் நைஸ், சார்னோகைட், கிரானைட் எனும் பாறை வகைகள்தான். இந்தப் பாறையின் உடம்புக்குள் தண்ணீர் புகுவதற்கு இடம் கிடையாது. உடையாத கிரானைட்டில் நுண்துளைகள் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இருப்பவையும் ஒன்றோடொன்று சேராதவை. தண்ணீர் நகர்வதெல்லாம் வெடிப்புகளின் வழியாகத்தான்.

சித்திரை, வைகாசியில் மோட்டார் அரை மணி நேரம் ஓடி, நீர் தீர்ந்து காற்று வாங்க ஆரம்பித்தால், ஊரில் முதலில் கிடைக்கிற யோசனை "இன்னும் முந்நூறு அடி இறக்கு" என்பது. பெரும்பாலான நிலங்களில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை என்பது எங்கள் கருத்து. போரைக் கழுவுவது, ஹைட்ரோ பிராக்சரிங் (உயர் அழுத்த நீரால் வெடிப்பை விரிப்பது), பழைய கிணற்றில் சைடு போர் (சுவரிலிருந்து படுக்கையாகப் போடும் துளை), வேறு இடத்தில் புதுப் போர், இருக்கும் போரை ஆழப்படுத்துவது என்று வழிகள் பல. எதைத் தேர்ந்தாலும், உங்கள் துளை எத்தனை வெடிப்போடு சேர்ந்திருக்கிறது, அந்த வெடிப்புகள் நீர் இருக்கும் இடத்தோடு சேர்ந்திருக்கின்றனவா என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொல்ல வேண்டும்.

வெடிப்பு இருந்தால் போதாது

மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிச் சுவர்களில் நிமிர்ந்த வெடிப்பு, படுக்கை வெடிப்பு, சாய்ந்த வெடிப்பு எல்லாம் கோடு கோடாகத் தெரியும். மழை விட்ட பிறகு பார்த்தால் அவற்றில் ஒரு சில மட்டுமே கசியும். மற்றவை நீர் உள்ள வேறு எந்த வெடிப்போடும் சேராமல் பாறைக்குள்ளேயே முடிந்துபோனவை, அல்லது களிமண்ணோ கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமமோ அடைத்தவை.

மேலே மக்கிய பாறைப் பகுதி, அதாவது மண்ணுக்குக் கீழே கையால் உடைக்கக்கூடிய மொரம்பும் சுக்கானும், கண்மாய் மாதிரி. கீழே கெட்டிப் பாறையில் உள்ள வெடிப்பு அதன் மடை மாதிரி. நீரைச் சேர்த்து வைப்பது மக்கிய பகுதி, கடத்துவது வெடிப்பு. கெட்டிப் பாறையின் வெடிப்புகள் தாமாகச் சேர்த்து வைக்கும் நீர் மிகக் குறைவு. மேலிருந்து தொடர்ந்து வந்து சேராவிட்டால், தோண்டிய அன்று பீறிட்ட ஊற்று சில மாதங்களில் நின்றுவிடும். தோண்டும்போது இரண்டு இஞ்ச் (நீர்வரத்தைச் சொல்லும் ஊர் வழக்கு) வந்த போர் மறு வருடமே வற்றிப்போவதற்கு இது முக்கியக் காரணம்.

இன்னொன்று வெடிப்பின் அகலம். சமமான இரு சுவர்களுக்கு நடுவே ஓடும் நீரின் அளவு, இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் ஓட்டம் எட்டு மடங்கு. 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற நீர்ச்சரிவில், ஒரு மீட்டர் நீள வாயுள்ள 1 மி.மீ. வெடிப்பு நாளைக்குச் சுமார் 700 லிட்டர் கடத்தும். அதே இடத்தில் 0.1 மி.மீ. வெடிப்பு கடத்துவது முக்கால் லிட்டருக்கும் குறைவு. உண்மையான வெடிப்பின் முகம் சொரசொரப்பானது என்பதால் இதைவிடவும் குறையும். ஆகவே ஒரே ஒரு நல்ல வெடிப்பு நூறு மயிரிழை வெடிப்புக்கு மேல். அந்த நல்ல வெடிப்பில் கொஞ்சம் வண்டல் படிந்து இடைவெளி பாதியானால், போரின் நீர் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

ஆழம் போகப் போக மேலுள்ள பாறையின் எடை வெடிப்புகளை நெருக்கும். 10 மீட்டர் பாறைக்கு ஏறக்குறைய 2.6 பார் (அழுத்த அலகு) வீதம், 100 மீட்டரில் 26 பார். அதனால் திறந்த வெடிப்புகள் ஆழத்தோடு அருகிக்கொண்டே போகும். ஹைதராபாத் அருகே மகேஸ்வரம் கிரானைட் பகுதியில் விரிவாக அளந்து பார்த்தபோது, நீர் கடத்தும் வெடிப்புகள் பெரும்பாலும் மேல் 35 மீட்டருக்குள்ளேயே இருந்தன. நம் பகுதிக்கு அதே எண்ணைப் பொருத்த முடியாது. பெரிய முறிவுக் கோடுகள் (பாறை நீளவாக்கில் உடைந்த வரிசை) உள்ள இடங்களில் 200 மீட்டரிலும் நீர் கிடைப்பது உண்டு. ஆனால் அது விதிவிலக்கு. அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

முதலில் அளந்து பாருங்கள்

எந்தப் போர் வண்டியையும் கூப்பிடும் முன் ஒரு நாள் செலவழித்தால் பாதி முடிவு தெரிந்துவிடும். மோட்டாரைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு, எடை கட்டிய கயிற்றாலோ நீர்மட்ட டேப்பாலோ நிலையான மட்டத்தைக் குறியுங்கள். பிறகு மோட்டாரை ஓட்டிக் காற்று வாங்கும் வரை எத்தனை நிமிடம் என்று பார்த்து, நிறுத்தியதும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டம் ஏறுவதைக் குறியுங்கள். ஆறரை அங்குலத் துளையில் ஓர் அடிக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் நிற்கும். ஆக, ஒரு மணி நேரத்தில் நூறு அடி ஏறினால் ஊற்று மணிக்கு 650 லிட்டர்.

நிலையான மட்டம் பழையபடியே இருந்து, ஏறுவது மட்டும் மெதுவாகியிருந்தால், வெளியே நீர் இருக்கிறது, உங்கள் துளைக்கு வரும் வாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். மட்டமே நூறு, இருநூறு அடி இறங்கிப் போயிருந்தால், மேல் வெடிப்புகள் காலியாகிவிட்டன. இரண்டுக்கும் மருந்து வேறு. அக்கம்பக்கத்துப் போர்களின் மட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது உங்கள் மட்டம் இறங்கினால் இருவருக்கும் ஒரே வெடிப்பு. அங்கே நீங்கள் புதிதாக எது செய்தாலும் கிடைப்பது பங்குதான்.

கழுவுதல்

மட்டம் குறையாமல் வரத்து மட்டும் குறைந்த போருக்கு இதுவே முதல் வேலை. மோட்டாரை எடுத்துவிட்டு, கம்ப்ரசரால் அடிவரை காற்றடித்துச் சேற்றை வெளியே தள்ள வேண்டும். அடியில் பத்து, இருபது அடி வண்டல் சேர்ந்து, கீழ் ஊற்றை மூடியிருப்பது சாதாரணம். குழாயில் செம்பழுப்புக் கொழகொழப்பு ஒட்டியிருந்தால் அது இரும்புப் பாக்டீரியா. துளையில் நிற்கும் நீரைக் கணக்கிட்டு, ஆயிரம் லிட்டருக்கு 330 கிராம் வீதம் 30 சதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரைத் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஓர் இரவு விட்டுக் காற்றடியுங்கள். குளோரின் வாசம் முற்றிலும் போகும் வரை அந்த நீரைக் குடிக்கவோ மாட்டுக்கு வைக்கவோ வேண்டாம்.

"காற்றடித்தால் புது ஊற்று திறக்கும்" என்று சொல்வார்கள். கம்ப்ரசர் தருவது 20 பார் சுமார். அதுவும் மேலே திறந்த துளையில் நிற்காமல் வெளியேறிவிடும். அடைப்பை உதறும், பாறையைத் திறக்காது.

ஹைட்ரோ பிராக்சரிங்

இதில் துளையின் ஒரு பகுதியை ரப்பர் பேக்கரால் அடைத்து, அதற்குக் கீழே உயர் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்துகிறார்கள். எண்ணெய்க் கிணறுகளில் செய்வது போல மணலோ ரசாயனமோ இல்லை, வெறும் தண்ணீர். நீர் இருக்கும் வெடிப்புக்கும் உங்கள் துளைக்கும் நடுவே உள்ள மெல்லிய வெடிப்புகளை விரித்து, அடைப்பைத் தள்ளி, சில இடங்களில் நீட்டியும் விடுவதுதான் வேலை. கிரானைட், சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறையில் விரியும் போது இரு முகங்களும் கொஞ்சம் நகர்ந்துவிடும். அழுத்தம் போன பிறகு மேடும் பள்ளமும் பழையபடி பொருந்தாததால் இடைவெளி மிஞ்சுகிறது. மும்மடிக் கணக்கை நினைத்துப் பாருங்கள்: பத்தில் ஒரு மில்லிமீட்டர் மிஞ்சினாலே பெரிய லாபம். மக்கிய, மிருதுவான பாறையில் இந்த லாபம் இல்லை. அது மறுபடி மூடிக்கொள்ளும்.

வேலை நடக்கும் முறை தெரிந்தால்தான் சரியாகச் செய்கிறார்களா என்று நின்று பார்க்க முடியும். மோட்டாரும் குழாயும் எடுத்த பிறகு போரைக் கழுவ வேண்டும். துளையின் ஆழத்தை அளந்து, முடிந்தால் கேமரா இறக்கிப் பார்த்து, சுவர் வழுவழுப்பாக உள்ள இடத்தைப் பேக்கருக்குத் தேர்வு செய்ய வேண்டும். அது கேசிங் (மேல் மண் சரியாமல் துளையில் இறக்கும் குழாய்) முடியும் இடத்துக்குக் குறைந்தது பத்து மீட்டராவது கீழே, கெட்டிப் பாறையில் இருக்க வேண்டும். மேலே வைத்தால் நீர் கேசிங்கைச் சுற்றி ஏறி, கேசிங்கையே தளர்த்திவிடும். பேக்கரை ஊத வைத்துப் பம்ப் ஓட்டும்போது அழுத்தமானியையே பாருங்கள். அழுத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழுந்தால் வெடிப்பு திறந்திருக்கிறது. விழுந்த பிறகும் ஐந்து, பத்து நிமிடம் நீர் செலுத்த வேண்டும். அப்போதுதான் திறந்தது தூரம் போகும். ஏறாமலே இருந்தால் பேக்கர் ஒழுகுகிறது, அல்லது அங்கே ஏற்கெனவே திறந்த பெரிய வெடிப்பு இருக்கிறது. பம்பின் எல்லைவரை ஏறியும் விழாவிட்டால் அது உடையாத பாறை. பேக்கரை வேறு ஆழத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு போரில் இரண்டு மூன்று ஆழங்களில் செய்வது நல்லது.

தண்ணீர் பல ஆயிரம் லிட்டர் தேவைப்படும். கண்மாய்ச் சேற்று நீரை டேங்கரில் கொண்டுவந்தால், திறக்கும் வெடிப்பை நீங்களே வண்டலால் அடைக்கிறீர்கள். தெளிந்த நீர் கிடைக்கும் என்று உறுதியான பிறகே நாள் குறியுங்கள். முடிந்ததும் காற்றடித்துக் கழுவி, முன்பு செய்த அதே மட்டம் ஏறும் சோதனையை மீண்டும் செய்யுங்கள். முன் அளவு இல்லாமல் "நல்லா வருது" என்பதற்கு மதிப்பில்லை.

வெளியே நீர் நிற்கும்போது மட்டும் இந்த வழி பலன் தரும். சுற்றிலும் எல்லாப் போர்களின் மட்டமும் இறங்கிக் கிடக்கும் ஊரில் காலி வெடிப்பைக் காலி வெடிப்போடு சேர்த்து என்ன பயன்? பத்து, இருபது வருடப் பழைய போர், பக்கத்தில் வற்றாத கிணறு, மட்டம் நன்றாக இருந்தும் வரத்து இல்லை என்ற நிலையில்தான் நாங்கள் இதைத் துணிந்து சொல்வோம். தொளதொளத்த கேசிங் உள்ள போரில் வேண்டாம்.

பழைய கிணறு இருந்தால்

மதுரைச் சுற்று வட்டாரத்தில் கைவிட்ட கிணறு இல்லாத தோட்டம் குறைவு. குப்பை கொட்டி மூடிக்கொண்டிருக்கும் அந்தக் கிணறுதான் பல நிலங்களுக்குச் சரியான விடை.

எட்டு மீட்டர் அகலக் கிணற்றில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 50,000 லிட்டர் நிற்கும். ஆறரை அங்குலப் போரில் அதே ஒரு மீட்டருக்கு 21 லிட்டர். மணிக்கு 1,000 லிட்டர் மட்டுமே ஊறும் பாறையில் போர் மோட்டார் நின்று நின்றுதான் ஓடும். கிணறோ இருபது மணி நேரத்தில் 20,000 லிட்டரைச் சேர்த்து வைத்து, காலையில் ஒரே ஓட்டத்தில் கொடுக்கும். ஊற்று மெல்லியதாக இருக்கும் இடத்தில் சேர்த்து வைக்கும் இடம்தான் மதிப்பு.

அடுத்து வடிவக் கணக்கு. நேராகக் கீழே போகும் போர், நிமிர்ந்த வெடிப்புகளுக்கு நடுவே ஒன்றையும் தொடாமல் ஐந்நூறு அடி போய்விடலாம். கிணற்றுச் சுவரிலிருந்து படுக்கையாகப் போடும் சைடு போர் அந்த நிமிர்ந்த வெடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிக்கொண்டே போகும். நீரைத் தேக்கி வைத்திருக்கும் மக்கிய பகுதியின் அடியை ஒட்டியே போவது அதன் கூடுதல் பலம்.

கிணற்றை இறைத்து விட்டுச் சுவரைப் பாருங்கள். ஈரக் கோடு, பாசி, இரும்புக் கறை உள்ள வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று குறியுங்கள். அந்தக் கோட்டைக் குறுக்காக வெட்டும் திசையில் சைடு போர் போக வேண்டும். கோட்டோடு இணையாகப் போட்டால் வீண். கோடை நீர்மட்டத்துக்குக் கீழே, மக்கிய பாறையும் கெட்டிப் பாறையும் சேரும் மட்டத்தை ஒட்டி வாயை வையுங்கள். உள்ளே போகப் போகத் துளை இலேசாக மேல்நோக்கி இருந்தால் நீர் தானாக வடியும், மண்ணும் சேராது. மிருதுவான பகுதியில் துளை சரிந்துவிடும் என்பதால் ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயை உடனே செருக வேண்டும். நூறு அடி என்பது எளிதாக அடுத்தவர் வரப்பைத் தாண்டும் தூரம். உங்கள் எல்லைக்குள் நிற்கும்படி திசையையும் நீளத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

பாழடைந்த கிணற்றில் ஆள் இறங்கும் முன் காற்றோட்டம் செய்யாமல் விடாதீர்கள். டீசல் எஞ்சினை உள்ளே இறக்கவே கூடாது. உயிர் போன சம்பவங்கள் இந்த வேலையில் நிறைய.

கிணற்றில் கோடை நீர் சொட்டும் இல்லை, சுவர் முழுக்கக் காய்ந்திருக்கிறது என்றால் சைடு போரும் காற்றைத்தான் தரும்.

ஆழப்படுத்துவதும் புதுப் போரும்

இருக்கும் துளையை ஆழப்படுத்துவதில் கேசிங் செலவு மிச்சம். ஆனால் அடிக்கு இவ்வளவு என்ற ரேட் ஆழத்தோடு ஏறும், வெடிப்போ ஆழத்தோடு குறையும். மோட்டாரும் பெரிதாகும்: நொடிக்கு ஒரு லிட்டரை 100 மீட்டரிலிருந்து தூக்க ஏறக்குறைய 3 குதிரைத்திறன் போதும், 250 மீட்டரிலிருந்து என்றால் 7-க்கு மேல். இலவச மின் இணைப்பு என்றாலும் அனுமதித்த குதிரைத்திறனுக்கு மேல் மாட்ட முடியாது.

பலரும் நினைக்காத ஆபத்து ஒன்று உண்டு. கீழே கிடைக்கும் வெடிப்பில் நீரழுத்தம் மேல் வெடிப்பைவிடக் குறைவாக இருந்தால், மேல் ஊற்று உங்கள் துளை வழியாகவே கீழே இறங்கிப் போய்விடும். முன்பு வந்த அரை இஞ்சும் காணாமல் போவது இதனால்தான். துளைக்குள் மேலிருந்து நீர் விழும் ஓசை கேட்டும் மட்டம் ஏறவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

புதுப் போருக்கு இடம் பார்ப்பதில் மின்தடைச் சோதனை (நிலத்தில் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளப்பது), மக்கிய பகுதி எங்கே தடிமன் என்பதை நன்றாகச் சொல்லும். 150 மீட்டருக்குக் கீழே உள்ள மெல்லிய வெடிப்பைக் காட்டாது. தேங்காயும் வேப்பங்குச்சியும் எதையும் அளப்பதில்லை. நேராக ஓடும் ஓடை, கோடையிலும் பச்சை மாறாத மர வரிசை, ஒரே கோட்டில் அமைந்த வற்றாத கிணறுகள் ஆகியவை முறிவுக் கோட்டின் அடையாளங்கள். இரண்டு கோடுகள் வெட்டும் இடம் கிடைத்தால் அதைவிட நல்ல புள்ளி இல்லை. யானைமலை மாதிரி பாறை வெளியே தெரியும் மேட்டின் அடிவாரத்தில், மக்கிய பகுதி மெல்லிதாக உள்ள இடத்தைத் தவிருங்கள்.

போர் போடுவது திருச்செங்கோட்டு வண்டியோ உள்ளூர் வண்டியோ, ஓட்டும்போது ஒவ்வொரு 20 அடி ராடுக்கும் ஆன நிமிடத்தையும் தூளின் நிறத்தையும் எழுதி வையுங்கள். வெள்ளைச் சாம்பல் போல வறண்ட தூள் வந்தால் உடையாத பாறை. செம்பழுப்புக் கறை படிந்த சில்லு வந்தால் அந்த வெடிப்பில் முன்பே நீர் நடமாடியிருக்கிறது. "இரண்டு இஞ்ச்" என்றால் எதில் அளந்தது என்று கேளுங்கள். 90 டிகிரி வி-வெட்டுப் பலகையில் (வி வடிவ வெட்டின் வழியே நீரை வழியவிட்டு அளப்பது) ஓர் அங்குல உயரம் மணிக்கு ஏறக்குறைய 500 லிட்டர், இரண்டு அங்குலம் 2,900, மூன்று அங்குலம் 8,000 லிட்டர். வெடிப்பு பட்ட உடனே அளந்தால் தேங்கிய நீரையும் சேர்த்து அளக்கிறீர்கள். ஒரு மணி நேரமாவது காற்றடித்த பிறகு அளக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் தோண்டிய போர் காட்டும் கணக்கை நம்பாதீர்கள். ஆனி, ஆடியில் கிடைப்பதே உண்மையான வரத்து.

மழைநீரை உள்ளே விடுவது

இது தனி வழியல்ல. எதைச் செய்தாலும் கூடச் செய்ய வேண்டியது. மதுரைக்கு ஆண்டு மழை சுமார் 850 மி.மீ. ஒரு ஏக்கரில் அதில் பத்தில் ஒரு பங்கு ஓடினாலே மூன்றரை லட்சம் லிட்டர் தேறும். அதைப் பழைய கிணற்றுக்குள் விடலாம், முன்னால் இரண்டு குழி வேண்டும்: முதலாவதில் வண்டல் படிய வேண்டும், இரண்டாவதில் அடியில் 40 மி.மீ. ஜல்லி, நடுவில் 20 மி.மீ. ஜல்லி, மேலே ஆற்றுமணல். மேல் மணலை ஐப்பசிக்கு முன் ஆண்டுதோறும் சுரண்டி மாற்ற வேண்டும். வயல் நீரை நேராகப் போருக்குள் திருப்பக் கூடாது. பூச்சி மருந்து நிலத்தடி நீரில் கலக்கும், வண்டல் நல்ல வெடிப்பை நிரந்தரமாக அடைக்கும். அடைத்த வெடிப்பைத் திறப்பது திறந்ததை அடைப்பதைப் போல எளிதல்ல.

எதை எப்போது

மட்டம் நன்றாக இருக்க வரத்து குறைந்திருந்தால் கழுவுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஹைட்ரோ பிராக்சரிங். பழைய கிணற்றில் கோடையிலும் கொஞ்சமாவது ஊறினால், போரை விட்டுவிட்டுச் சைடு போருக்குப் போங்கள். சொட்டுநீரோடு சேர்ந்தால் இரண்டு, மூன்று ஏக்கர் தென்னைக்கோ கொய்யாவுக்கோ அது பெரும்பாலும் போதும். ஊர் முழுக்க மட்டம் இறங்கியிருந்தால் எந்தத் துளையும் நீரை உண்டாக்காது. அந்த வருடம் பயிரைக் குறைத்து, பணத்தைக் கிணற்று மீள்நிரப்புக்குப் போடுவது சரி. முறிவுக் கோடு தெளிவாகத் தெரிந்து, மக்கிய பகுதியும் தடிமனாக இருந்தால் புதுப் போர். ஆழப்படுத்துவது, பக்கத்துப் போர்களில் கீழே நிலையான ஊற்று உள்ளது என்று அளவோடு தெரிந்தால் மட்டும்.

புதிதாகத் தோண்டும் முன் 15 நாளுக்கு முன்பே எழுத்து மூலம் தகவல் தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010-ல் வகுத்த நெறி. ஊராட்சியின் அனுமதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். கைவிடும் போரை அடிவரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்புங்கள். நீர்மட்டம் அளக்க வைத்துக்கொள்வதாக இருந்தால் கேசிங் வாயில் இரும்பு மூடியைப் பற்றவைத்து, டேப் நுழையும் அளவுக்கு மட்டும் ஓர் ஓட்டை விட்டு, அதற்கும் திருகு மூடி போடுங்கள். சாக்கும் கல்லும் மூடி ஆகாது.